பள்ளி வாசலில் தொடங்காத கதை: ஹோம்ஸ்கூல் பிள்ளைகளைச் சிறார் கதையில் எழுதுவது எப்படி

சிறார் நாவல் ஒன்றில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளை வருகிறது என்றால், மிச்சக் கதையைப் பின்னட்டையைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்: அது பள்ளிக்கூடம் போகப் போகிறது. நீளத் தாழ்வாரம், திரும்பிப் பார்க்கும் முகங்கள், எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல் தட்டோடு நிற்பது, எல்லாம் வரிசையாக வரும். ஜெரி ஸ்பினெல்லியின் ‘ஸ்டார்கேர்ள்’ (2000) நாவலில், அதுவரை வீட்டில் படித்த பெண் யுகுலேலே என்கிற குட்டி கிடாரும் செல்ல எலியுமாக உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகிறாள். கோர்டன் கோர்மனின் ‘ஸ்கூல்ட்’ (2007) நாவலில் பாட்டியோடு பண்ணையில் வளர்ந்த பையன், பாட்டி மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால், ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டியதாகிறது. ஆர்.ஜே. பலாசியோவின் ‘வொண்டர்’ (2012) நாவலில் முக அமைப்பு வேறுபட்ட சிறுவன், அடுத்தடுத்த அறுவை சிகிச்சைகளால் வீட்டிலேயே படித்தவன், ஐந்தாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பள்ளியைப் பார்க்கிறான்.

மூன்றும் நல்ல நாவல்கள்தான், குறை சொல்வதற்காக எடுக்கவில்லை. மூன்றிலும் வீட்டுப் படிப்பு கதைக்கு முன்னாலேயே முடிந்துபோன விஷயமாக இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை வீட்டில் இருந்த வருஷங்களில் என்ன செய்தது, யாரோடு சண்டை போட்டது, எதற்குச் சலித்துக்கொண்டது என்பதெல்லாம் சில பக்கங்களில் கடந்துவிடும். கதை பள்ளி வாசலில்தான் மூச்சு விடத் தொடங்கும். நீங்கள் எழுதப் போகும் கதையில் இதை மாற்றலாம். வீட்டுப் படிப்பைக் கதை நடக்கும் இடமாகவே வைத்துக்கொள்ளலாம். அதற்கு என்னென்ன யோசிக்க வேண்டும் என்பதுதான் கீழே.

எழுத்தாளர்கள் ஏன் எப்போதும் இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. வாசகக் குழந்தைக்குப் பள்ளி அத்துப்படி, கதாநாயகனுக்கு ஒன்றும் தெரியாது. நாயகனைவிடத் தனக்கு அதிகம் தெரிகிறது என்கிற சந்தோஷம் பத்து வயது வாசகருக்குப் பெரிய சந்தோஷம். பள்ளியின் அபத்தங்களைப் புதுக் கண்ணால் காட்டவும் வசதி. ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. நிஜமாகவே வீட்டில் படிக்கும் ஒரு குழந்தை இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், தன்னைப் போன்ற பிள்ளைக்குக் கதையே பள்ளிக்குப் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று தெரிந்துகொள்ளும். ஒன்றிரண்டு புத்தகத்தில் அப்படி வந்தால் பரவாயில்லை. வருகிற புத்தகமெல்லாம் அப்படியே இருந்தால்?

முதலில், உங்கள் தலைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஆள்

எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்து நிற்பவர் நாலைந்து அச்சுகளில் ஒருவராகத்தான் இருப்பார். ஒன்பது வயதில் கால்குலஸ் போடும் மேதை. சினிமா பார்த்திராத, கெட்ட வார்த்தை கேட்டிராத அப்பாவி. எல்லோரையும் மன்னித்து, எல்லோருக்கும் பிறந்தநாள் பாட்டுப் பாடி, மற்றவர்களைத் திருத்திவிட்டு மறைந்துபோகும் விசித்திரத் தேவதை. நோயாளி. பெற்றோரின் மதத்துக்கோ கொள்கைக்கோ பிணைக்கைதியாக இருக்கும் கூண்டுப் பறவை.

இவர்களில் யாரையும் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். மேதைகளும் நோயாளிகளும் நிஜத்திலும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் பாத்திரம் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்று மாற்றிவிட்டு அதன் குணங்களைப் படியுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் நீங்கள் இன்னும் பாத்திரத்தை எழுதவில்லை, ‘ஹோம்ஸ்கூல்’ என்கிற ஒட்டுத்தாளைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பொறாமை, பிடிவாதம், நண்பனிடம் கடன் வாங்கித் திருப்பித் தராத பழக்கம், இருட்டுக்குப் பயம், இப்படி எதுவும் எங்கே படித்தாலும் ஒட்டிக்கொண்டு வரும். அதிலிருந்து தொடங்குங்கள்.

மேதை அச்சு பற்றி இன்னொரு வார்த்தை. அது பாராட்டு மாதிரி தெரிவதால் எழுத்தாளர்கள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் படிக்கும் சராசரிப் பிள்ளைக்கு, கணக்கில் கொஞ்சம் மந்தமான பிள்ளைக்கு, அதைவிடக் கொடுமை வேறில்லை. வீட்டில் இருந்தால் ஏதாவது ஒன்றில் அபாரமாக இருந்தே தீர வேண்டும் என்கிற நெருக்கடியை அது ஏற்கெனவே சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கும். புத்தகமும் அதையே சொல்ல வேண்டுமா?

ஏன் வீட்டில் படிக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வைத்துக்கொள்ளாமல் கதையைத் தொடங்காதீர்கள். பதில் கதைக்குள் வர வேண்டும் என்றுகூட இல்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும். பள்ளியில் அடித்தார்கள் என்று நிறுத்தப்பட்ட பிள்ளையின் வீடும், பெற்றோரின் வேலை காரணமாக ஊர் ஊராக மாறும் பிள்ளையின் வீடும், பள்ளி என்பதே தேவையில்லை என்று நம்பும் அப்பா அம்மாவின் வீடும் ஒரே மாதிரி இருக்காது. முதல் வீட்டில் காயம் இருக்கும், இரண்டாவதில் பெட்டிகள் இருக்கும், மூன்றாவதில் வாக்குவாதம் இருக்கும்.

பொதுப்புத்தியில் மதம்தான் முதல் காரணம். அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் 2019இல் எடுத்த கணக்கெடுப்பில் பெற்றோர்கள் அதிகமாகச் சொன்ன காரணம் பள்ளிச் சூழல் பற்றிய கவலை. மதக் கல்வி அதற்குக் கீழேதான் வந்தது. அதே மையத்தின் கணக்கில் 1999இல் சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள் அந்த நாட்டில் வீட்டில் படித்தார்கள், 2019இல் சுமார் 15 லட்சம். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் ஒரே மாதிரிக் குடும்பத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவது சோம்பேறித்தனம்.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். அண்ணனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அவன் அங்கே பட்ட பாட்டினால். தங்கையை நிறுத்தியது, அண்ணனை நிறுத்தியதால். அவளுக்குப் பள்ளி பிடித்திருந்தது, யாரும் கேட்கவில்லை. இதோ ஒரு நாவலுக்கான சண்டை, பள்ளி வாசல் பக்கமே போகாமல்.

இன்னொன்று, முறை. ‘ஹோம்ஸ்கூல்’ என்று ஒரே சொல்லில் அடைத்தாலும் உள்ளே பல ரகம். சிலபஸ், கால அட்டவணை, வாரத் தேர்வு என்று பள்ளியையே வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் ஒரு பக்கம். பிள்ளைக்கு எதில் ஆர்வமோ அதன் போக்கில் விடும் ‘அன்ஸ்கூலிங்’ மறுபக்கம். இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட், வீட்டில் படிப்பிக்கும் குடும்பங்களுக்காகவே 1977இல் ஒரு பத்திரிகை தொடங்கியவர். பெரும்பாலான வீடுகள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ, திங்கட்கிழமை அட்டவணையோடு ஆரம்பித்து வியாழக்கிழமை எப்படியோ போய்க்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் வீட்டை எழுதுங்கள், நிஜம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளியிலிருந்து சமீபத்தில் நின்ற பிள்ளைக்கு ‘டீஸ்கூலிங்’ என்று ஒரு காலம் உண்டு. பாடப்புத்தகத்தைத் தொடாமல், எழுந்திருக்கும் நேரமில்லாமல், பள்ளியின் பழக்கங்கள் உடம்பிலிருந்து இறங்கும் வரை சும்மா விடுவது. பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் என்று ஹோம்ஸ்கூல் குடும்பங்களில் ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளை ஒன்றுமே செய்யவில்லை, பெற்றோர் உள்ளுக்குள் பதறிக்கொண்டிருப்பார்கள். இந்த மாதங்களைப் பற்றிய சிறார் கதை என் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை, யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

கதை எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டமும் கதைக்குள் வரும். ஜெர்மனியில் மிக அரிதான விதிவிலக்கு தவிர பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும்; அங்கே வீட்டில் படிக்கும் பிள்ளை என்றால் அது தலைமறைவுக் கதையாகிவிடும், அல்லது நாட்டைவிட்டுப் போகும் கதை. அமெரிக்காவில் 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது, ஆனாலும் டெக்ஸஸில் அரசாங்கத்துக்குத் தகவல்கூடச் சொல்ல வேண்டியதில்லை, பென்சில்வேனியாவில் வருஷ முடிவில் பிள்ளை செய்த வேலைகளைக் கோப்பாகத் தொகுத்துத் தகுதியுள்ள ஒருவரிடம் காட்டி மதிப்பீடு வாங்க வேண்டும். அந்தக் கோப்பைத் தயாரிக்கும் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யுங்கள்: செப்டம்பரில் எழுதிய கட்டுரை எங்கே, யார் அதன் பின்பக்கத்தில் டைனோசர் வரைந்தது? கற்பனை நாடு என்றாலும் விதி என்ன என்று முடிவு செய்துவிடுங்கள்.

பழங்காலக் கதை எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ‘லிட்டில் விமன்’ (1868) நாவலில் பெத் கூச்ச சுபாவத்தால் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படிப்பவள். ஏமியை ஆசிரியர் கையில் அடித்ததும் அம்மா அவளையும் நிறுத்திவிடுகிறாள். அந்த நாவலில் யாரும் அதை ஒரு விசித்திரமாகப் பார்ப்பதில்லை, காரணம் கேட்டுக் குடைவதுமில்லை. அந்தக் காலத்துக் கதையில் இன்றைய ஹோம்ஸ்கூல் விவாதத்தைத் திணித்தால் துருத்திக்கொண்டு தெரியும்.

பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவன்

இனி பக்கத்துக்கு வருவோம். பலருடைய முதல் வரைவில் இப்படி ஒரு பத்தி இருக்கும்:

“கதிர் பள்ளிக்குப் போவதில்லை. அம்மாதான் அவனுக்கு ஆசிரியை. சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. மரங்களும் பறவைகளும் அவனுக்குப் பாடம் சொல்லித் தந்தன.”

இது விளம்பரத் துண்டறிக்கை. கதிர் யார் என்று இதிலிருந்து ஒன்றும் தெரியாது. அவனுக்குப் பறவை பிடிக்குமா என்றுகூடத் தெரியாது. இதையே இப்படிப் பாருங்கள்:

“என்ன தம்பி, இன்னிக்கு ஸ்கூல் லீவா?” என்று கேட்டார் பார்சல் கொண்டுவந்தவர்.

கதிரிடம் இதற்கு மூன்று பதில்கள் உண்டு. ‘ஆமா’ என்பது அவசரத்துக்கு. ‘காய்ச்சல்’ என்பது, விடாமல் கேட்கிற ஆள் என்று தோன்றினால். ‘நான் வீட்டிலேயே படிக்கிறேன்’ என்று சொன்னால் அடுத்ததாகப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார்கள். அது அவனுக்குத் தெரியும்தான், யாராவது கேட்கும்போது மட்டும் பதினாறு ஏழு எங்கேயோ போய்விடும்.

“ஆமா அண்ணா, லீவு.”

“பொய்!” உள்ளேயிருந்து அக்காவின் குரல். “கணக்கை முடிக்காம எழுந்து வந்திருக்கான்!”

அவ்வளவுதான். இதில் விளக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் வெளி உலகம் அவனை எப்படிப் பார்க்கிறது, அவன் அதற்கு எப்படிப் பழகியிருக்கிறான், வீட்டில் பாடம் என்று ஒன்று உண்டு, அதிலிருந்து தப்பிக்கவும் முடியாது, எல்லாம் வந்துவிட்டது. வீட்டில் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த ‘லீவா’ கேள்வியும் அதன் தம்பியான ‘நண்பர்கள் இருக்காங்களா’ கேள்வியும் முதலில் வரும். உங்கள் பாத்திரம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குணச்சித்திரம் முடிந்தது. ஒருத்தி ஒவ்வொரு முறையும் முழு உண்மையைச் சொல்லி வாதாடுவாள், இன்னொருவன் இல்லாத பள்ளியின் பெயர் ஒன்றையே உருவாக்கி வைத்திருப்பான், அந்தப் பொய் ஒருநாள் மாட்டிக்கொள்ளும்.

நேரம் பற்றியும் சரியாக இருங்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பாடம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வருகைப்பதிவு இல்லை, நாற்பது பேர் அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு இந்தப் பிள்ளைக்கு வேலை ஒன்றுமில்லை, ஆனால் தெருவில் விளையாட ஒருத்தரும் இல்லை. அந்த இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையிலான பொழுதை எழுத்தாளர்கள் கண்டுகொள்ளவேயில்லை என்பது எனக்கு ஆச்சரியம். துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இது புதையல்: வார நாளின் பகலில் தெருவில் நடப்பதைப் பார்க்கும் ஒரே குழந்தை இது. யார் வீட்டுக்கு எந்த வண்டி வருகிறது, எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும். பெரியவர்களிடம் போய்ச் சொன்னால் முதல் கேள்வியே, ‘அந்த நேரத்துல நீ ஏன் ஸ்கூல்ல இல்ல?’

பெற்றோரை என்ன செய்வது

கஷ்டமான பகுதி இதுதான். சிறார் கதையின் பழைய தந்திரம், பெரியவர்களை அப்புறப்படுத்துவது. அநாதை ஆக்கலாம், விடுதிக்கு அனுப்பலாம், விடுமுறைக்கு மாமா வீட்டில் விடலாம். பள்ளிக் கதையில் பள்ளியே அந்த வேலையைச் செய்துவிடும். ஹோம்ஸ்கூல் கதையில் அம்மாவோ அப்பாவோ பக்கத்து அறையில், சில சமயம் பக்கத்து நாற்காலியில். பிள்ளைக்குச் சாகசம் செய்ய இடமே இல்லை. பலரும் கதையைப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு நிஜமான காரணம் இதுதான் என்பது என் சந்தேகம்.

வழி இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அப்பா, ‘மூன்று மணி வரை தட்டாதே’ என்று சொல்லியிருக்கலாம். பொறுப்பு பதினைந்து வயது அண்ணனிடம் இருக்கலாம், அவன் பொறுப்பின் லட்சணம் உங்களுக்கே தெரியும். நூலகத்தில் இறக்கிவிட்டுப் போகலாம். கைக்குழந்தை ஒன்று இருந்தால் அம்மாவின் கவனம் முழுக்க அங்கேதான். இவையெல்லாம் சௌகரியத்துக்கான ஏற்பாடுகள், ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நகருங்கள்.

ஆனால் பெற்றோரை அகற்றாமல், அவர்களையே கதையாக்கினால் அதைவிட நல்ல சரக்கு கிடைக்கும். பள்ளிப் பிள்ளைக்கு டீச்சர் திட்டினால் வீட்டில் வந்து அழலாம், வீட்டில் திட்டினால் நண்பனிடம் பள்ளியில் சொல்லலாம். இந்தப் பிள்ளை பின்னக் கணக்கில் சண்டை போட்ட அதே ஆளிடம்தான் அரை மணி நேரம் கழித்துப் பசிக்கிறது என்று சொல்ல வேண்டும். அம்மா கோபமாக இருப்பது டீச்சராகவா அம்மாவாகவா என்று பிள்ளைக்கும் தெரியாது, பல நேரம் அம்மாவுக்கும் தெரியாது. ஒரு பக்கம் முழுக்க இந்த ஒரே சண்டையை எழுதிப் பாருங்கள்: மூன்றாவது நாளாக ஒரே பயிற்சியில் நிற்கும் பையன், ‘சரி மூடிவை, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று அம்மா சொல்லும்போது அவனுக்கு நிம்மதிக்குப் பதில் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் அம்மா பெருமூச்சு விட்டதை அவன் பார்த்துவிட்டான்.

இதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளை பாஸாகவில்லை என்றால் பழி பிள்ளைக்கோ பள்ளிக்கோ. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால் பழி அம்மாவுக்கு. பிள்ளைக்கு இது தெரியும். சொந்தக்காரர்கள் வரும்போது தான் ஒரு காட்சிப்பொருள், தான் ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் அம்மா ஜெயிப்பாள் என்று பத்து வயதிலேயே புரிந்திருக்கும். ராத்திரி ஃபோனில் அம்மா யாரிடமோ, ‘எனக்கே சில நாள் பயமாத்தான் இருக்கு’ என்று சொல்வதைக் கேட்டுவிட்ட பிள்ளை மறுநாள் காலையில் எப்படி நடந்துகொள்ளும்? அதிகப்படியாக நல்ல பிள்ளையாக இருக்கும். விடை தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டும். காப்பி அடிக்கும், அதுவும் பரீட்சையே இல்லாத வீட்டில்! ஒரு வில்லன்கூடத் தேவையில்லாமல் கதை ஓடும்.

பெற்றோரைப் பைத்தியமாகவோ தெய்வமாகவோ எழுதாமல் இருந்தால் போதும். இரண்டுமே சுலபம், இரண்டுமே நிறைய இருக்கின்றன. அவர்களுக்குத் தெரியாத பாடம் ஒன்று இருக்கட்டும். பிள்ளை அவர்களைத் தாண்டிப் போகும் நாள் ஒன்று வரட்டும், அன்றைக்கு வீட்டில் யாருக்கு அதிகச் சங்கடம் என்று பாருங்கள்.

ஒழுங்கு பிள்ளையிடமிருந்தும் வரலாம் என்பதற்கு ஸ்டெஃபனி டோலனின் ‘சர்வைவிங் தி ஆப்பிள்வைட்ஸ்’ (2002) நல்ல உதாரணம். குடும்பம் முழுக்கக் கலைஞர்கள், யாருக்கும் நேரம் காலம் கிடையாது, நடுவில் ஈ.டி. என்கிற பெண் மட்டும் தனக்குத் தானே பாடத்திட்டம் போட்டுக்கொண்டு அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பையன் ஒருவன் அந்த வீட்டுக்குப் படிக்க வருகிறான். பள்ளிக்குப் போகும் வழக்கமான பாதை இங்கே தலைகீழ், அதனாலேயே அந்த வீட்டின் உள்பக்கம் நமக்கு முழுசாகத் தெரிகிறது.

நண்பர்கள், தனிமை

‘ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு மனிதர்களோடு பழகத் தெரியாது’ என்று எழுதுவதும், ‘அதற்குத்தான் எல்லோரையும்விட நன்றாகப் பழகத் தெரியும்’ என்று மறுத்து எழுதுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். இரண்டிலும் நீங்கள் பிரச்சாரம் செய்துகொண்டிருக்கிறீர்கள். பழகும் விதத்தில் உள்ள சின்ன வித்தியாசங்களை எழுதுங்கள். வயதுவாரியாகப் பிரிக்கப்படாததால் எட்டு வயதுப் பிள்ளையோடும் பதினான்கு வயதோடும் ஒரே விளையாட்டில் இருக்கும். பெரியவர்களிடம் சரளமாகப் பேசிவிட்டுத் தன் வயதுக் கும்பலிடம் திணறலாம், அல்லது அப்படியே எதிர்மாறாக. பல குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடி ஆளுக்கொரு பாடம் எடுக்கும் ‘கோ-ஆப்’ இருக்கிறது, அங்கேயும் கூட்டணி, ஒதுக்கல், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் உண்டு. வேதியியல் எடுக்கும் ஆன்ட்டியின் மகனோடு உங்களுக்குச் சண்டை என்றால் வியாழக்கிழமை என்ன ஆகும்?

தனிமையை மறைக்கவும் வேண்டாம். அது பெரும்பாலும் நண்பர்களே இல்லாத தனிமையாக இருக்காது. பக்கத்து வீட்டு நண்பன் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லிச் சிரிக்கும்போது, அந்த ஆசிரியரின் பட்டப்பெயர் இவளுக்குத் தெரியாததால் சிரிப்பு அரை வினாடி தாமதமாக வருமே, அந்த மாதிரி. பரீட்சைக் காலத்தில் தெரு காலியாகிவிடும். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பார்வையாளராகப் போவது, எல்லோரும் புலம்பும் ஒன்றைப் பற்றிப் புலம்ப முடியாமல் இருப்பது. பொறாமை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்பது அன்றைய நாளைப் பொறுத்தது.

டேவிட் ஆல்மண்டின் ‘ஸ்கெல்லிக்’ (1998) நாவலில் வரும் மினா எனக்கு இதில் பிடித்தவள். அம்மாவிடம் வீட்டில் படிப்பவள், மரத்தில் ஏறி உட்கார்ந்து பறவைகளைப் பார்ப்பவள், ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கை மேற்கோள் காட்டுபவள். கேட்டால் அச்சில் வார்த்த மேதை மாதிரிதான் தெரியும். ஆனால் கொஞ்சம் கர்வக்காரி, பள்ளிக்குப் போகும் மைக்கேலோடு சண்டை போடுகிறாள், அவன் நண்பர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறாள். அந்தக் குறைகள்தான் அவளை ஆளாக்குகின்றன. அவளைப் பள்ளிக்கு அனுப்பித் திருத்தும் வேலையையும் அந்த நாவல் செய்யவில்லை. 2010இல் அவளுடைய நோட்டுப்புத்தகமாகவே ஒரு முன்கதை வந்தது, அதில் பள்ளியை விட்ட கதை அவள் வாயாலேயே வருகிறது.

பள்ளிக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால்

சில கதைக்கு அது தேவைப்படும். அப்போது இரண்டு விஷயம்.

போகும் காரணம் பிள்ளைக்கு வலிக்கட்டும். கேத்ரின் ஹானிகனின் ‘ஐடா பி’ (2004) நாவலில் அம்மாவுக்குப் புற்றுநோய், சிகிச்சைச் செலவுக்கு நிலத்தில் ஒரு பகுதியை விற்க வேண்டியிருக்கிறது, வீட்டுப் படிப்பும் நிற்கிறது. அவளுக்குப் பள்ளியும் பிடிக்காதுதான், ஆனால் பெரிய கோபம் பெற்றோர் வாக்குத் தவறிவிட்டார்கள் என்பதில். வீட்டு வாழ்க்கையை முதலில் நமக்குக் காட்டி, அதைப் பிடுங்கிக்கொள்வதால்தான் அந்தக் கோபம் நம்மையும் தொடுகிறது. வீட்டைக் காட்டாமலேயே பள்ளியில் இறக்கிவிட்டால் பிள்ளை எதை இழந்தது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, அறியாமையை அளந்து போடுங்கள். லாக்கர் திறக்கத் தெரியாது, மணி அடித்தால் எங்கே ஓடுவது என்று தெரியாது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்பது அதிர்ச்சியாக இருக்கும், ஒரு விஷயத்தில் ஆழ்ந்திருக்கும்போது நாற்பது நிமிஷத்தில் மூடிவைக்கச் சொல்வது எரிச்சலாக இருக்கும். இதெல்லாம் நம்பும்படி இருக்கும். கேலி என்றால் என்ன, பணம் என்றால் என்ன, செல்போன் என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தது, வீட்டிலிருந்து வரவில்லை. ‘ஸ்கூல்ட்’ இந்த எல்லையில்தான் விளையாடுகிறது. நகைச்சுவை நாவல் என்பதாலும், அந்தப் பையன் உலகத்தோடு தொடர்பில்லாத பண்ணையில் வளர்ந்தவன் என்பதாலும் அங்கே எடுபடுகிறது. சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு அதே அளவு போட்டால் எடுபடாது.

முடிவும், யாரிடம் படிக்கக் கொடுப்பது என்பதும்

கடைசி அத்தியாயத்தில் இரண்டு பள்ளங்கள் காத்திருக்கும். பள்ளியில் சேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்பது ஒன்று, பள்ளியை உதறிவிட்டு வீட்டுக்குத் திரும்பியதும் ஜெயித்துவிட்டது என்பது இன்னொன்று. முன்னதில் வீடு ஒரு நோய், பின்னதில் பள்ளி ஒரு சிறை. கதையின் கேள்வி எதுவோ அதற்கு மட்டும் முடிவு சொல்லுங்கள்: தங்கை கேட்கப்பட்டாளா, இல்லாத பள்ளியின் பெயரைச் சொன்னவன் மாட்டிக்கொண்டானா, பின்னச் சண்டை என்ன ஆனது. எங்கே படிப்பது என்கிற கேள்வி திறந்தே இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, நிஜத்திலும் பல குடும்பங்கள் அதை வருஷாவருஷம் புதிதாக முடிவு செய்கின்றன.

வரைவு முடிந்ததும் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரிடமாவது படிக்கக் கொடுங்கள், முடிந்தால் வேறுவேறு மாதிரியான வீடுகளிலிருந்து. பெற்றோரிடம் முதலில் கொடுக்காதீர்கள். தங்களைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. பிள்ளைகளிடம் ‘நல்லா இருக்கா’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். எந்த இடத்தில் ‘இப்படியெல்லாம் யாரும் செய்ய மாட்டாங்க’ என்று தோன்றியது, எந்த இடத்தில் ‘இது எங்க வீடு’ என்று தோன்றியது என்று மட்டும் கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்றிடமும் கொடுத்து, அதற்கு எந்த இடத்தில் பொறாமை வந்தது, எந்த இடத்தில் பாவமாக இருந்தது என்று கேளுங்கள். கதை முழுக்க ஒரே பதில்தான் வருகிறது என்றால் பெற்றோர் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.